பாதியில் வெளியேறியவர்: டக்ளஸ் கிளார்க் பற்றி ஒரு கேள்வி

வாசகர் கேள்வி: "பிரிட்டன் ரக்பி லீக் புகழ் மன்றத்தில் டக்ளஸ் கிளார்க் பெயர் எப்படி வந்தது? 1914 சிட்னி டெஸ்டில் காயம்பட்டுப் பாதியிலேயே வெளியேறியவர் அவர். அந்த ஆட்டத்தைக் காப்பாற்றியது கேப்டன் வாக்ஸ்டாஃப். டிரை போட்டது டேவிஸும் ஜான்சனும். கோல் அடித்தது வுட். கிளார்க் என்ன செய்தார்?"

ஜனவரி 11

நான் வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் குடியிருக்கிறேன். கிளார்க் ஆடிய ஊர் இது. இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. (ரக்பிக்குப் புதியவர்களுக்கு: எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் டிரை. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் கோல். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள். ஃபார்வர்டுகள் முன்னால் முட்டித் தள்ளுபவர்கள், விங் ஆட்டக்காரர்கள் ஓரத்தில் ஓடுபவர்கள்.)

முதலில் அந்த ஆட்டம். 1914 ஜூலை 4, சிட்னி கிரிக்கெட் மைதானம். எட்டே நாளில் மூன்றாவது டெஸ்ட். ஜூன் 27 சனிக்கிழமை பிரிட்டன் 23–5 என்று ஜெயித்தது. திங்கள்கிழமை ஆஸ்திரேலியா 12–7 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது டெஸ்ட் பிறகு மெல்போர்னில் நடப்பதாகத்தான் ஏற்பாடு. ஆஸ்திரேலிய நிர்வாகம் அதை முன்னால் இழுத்து அந்தச் சனிக்கிழமையே சிட்னியில் வைத்தது. பிரிட்டன் அணியில் பாதிப் பேர் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். மேலாளர் ஜான் கிளிஃபர்ட் மறுத்துப் பார்த்தார். இங்கிலாந்தில் இருந்த தலைமையோ "ஆடுங்கள்" என்று தந்தி அடித்துவிட்டது.

மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. இங்கிலாந்தில் அது வந்தது 1964 இல், அதாவது இந்த ஆட்டம் முடிந்து ஐம்பது வருடம் கழித்து. பதின்மூன்று பேர் இறங்கினால் அந்தப் பதின்மூன்று பேர்தான். ஒருவர் விழுந்தால் பன்னிரண்டு.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விங் ஆட்டக்காரர் ஃபிராங்க் வில்லியம்ஸின் கால் போனது. கிளார்க்குக்குக் கட்டைவிரல் உடைந்தது. கட்டிக்கொண்டு ஆடினார். இடைவேளையில் பிரிட்டன் 9–0 முன்னிலை. அதற்குப் பிறகு கிளார்க்கின் காறை எலும்பு உடைந்தது. வெளியே போனார், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பவும் வந்தார், முடியாமல் மறுபடியும் போனார். போகும்போது அழுதார் என்று அன்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பில்லி ஹால் தலையில் அடிபட்டு நினைவு தப்பிப் போனார். ஒரு கட்டத்தில் பத்துப் பேர் பதின்மூன்று பேரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில்தான் வாக்ஸ்டாஃப் கிழித்துக்கொண்டு ஓடி, ஆள் இல்லாத குறைக்கு விங்கில் நிறுத்தியிருந்த சிக் ஜான்சன் என்ற ஃபார்வர்டிடம் பந்தைக் கொடுத்தார். ஜான்சன் பந்தைத் தரையில் போட்டுக் காலாலேயே தட்டிக்கொண்டு போய் டிரை போட்டார். முடிவு 14–6.

இதில் கிளார்க் செய்தது இதுதான்: கட்டைவிரல் உடைந்த கையோடு முதல் பாதி முழுக்க முட்டிக்கொண்டு நின்றார். அந்த 9 புள்ளி அவர் களத்தில் இருந்தபோது வந்தது. கடைசி வரை நின்றவர்களை மட்டும்தான் எண்ணுவேன் என்றால், அந்த 9 புள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஜனவரி 12

"காறை எலும்பு உடைந்தால் அப்படி என்ன, சின்ன எலும்புதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

எனக்கு உடைந்திருக்கிறது. ஊரில் பள்ளி நாளில், கபடிக் களத்தில், இரண்டு பேர் மேலே விழுந்ததில். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கை வேலை செய்யும், விரல் மடங்கும், ஆனால் கையைத் தூக்க முடியாது. மூச்சை இழுத்தால் எலும்பின் இரண்டு முனையும் உரசுவது தெரியும். இருமினால் உயிர் போகும். தும்மல் வந்தால் அடுத்தவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். சட்டை மாட்ட அம்மா வேண்டும். படுத்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்தேன்.

அந்த எலும்போடு ஒருவர் மைதானத்துக்குள் திரும்பி நடந்து வந்தார் என்றால், அவர் வலி தெரியாதவர் என்று அர்த்தம் இல்லை. வெளியே உட்கார்ந்தால் தோழர்கள் பத்துப் பேராகிவிடுவார்கள் என்பது அவரைத் தள்ளியிருக்கிறது. அவர் அழுதது எனக்கு நன்றாகவே புரிகிறது. அப்போது அவருக்கு வயது 23.

ஜனவரி 12, இரவு

அந்த ஆட்டத்துக்கு 'ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 1879 இல் ஜூலு மக்களின் நாட்டைப் பிடிக்கப் போன படையின் சிறு காவல் முகாம் ஒன்று தாக்குப்பிடித்த இடம் அது. வீரம் இருந்திருக்கலாம். ஆனால் யார் மண்ணில், யாரைச் சுட்டு? ஆட்டத்துக்கு முன்னால் வந்த தந்தியிலும் டிரஃபால்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்ன, கடமையைச் செய்யுங்கள் என்ற வாசகம்தான். நிலக்கரிக்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் ஆடிய ஆட்டத்துக்குப் பேரரசின் பெயர்ப்பலகை எதற்கு? நான் சிட்னி டெஸ்ட் என்றே எழுதுவேன்.

ஜனவரி 15

மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்டவர் சிட்னி டெஸ்டைப் பிடித்துக்கொண்டார், நானும் அதற்குள்ளேயே நின்று பதில் சொன்னேன். ஆனால் கிளார்க்கை அளக்க அது சரியான இடமே இல்லை. எண்பது நிமிடக் கதை ஒன்று இருபது வருட வேலையை விழுங்கிவிட்டது.

அந்த இருபது வருடத்தைப் பார்க்கலாம். கிளார்க் 1891 இல் கம்பர்லாந்துக் கரையோரம், மேரிபோர்ட்டை ஒட்டிய எல்லன்பரோவில் பிறந்தவர். அப்பாவுக்கு நிலக்கரி வியாபாரம். பையன் பள்ளியை விட்டதும் கரி மூட்டை தூக்கத் தொடங்கினார். உள்ளூர் அணியான புரூக்லாண்ட் ரோவர்ஸில் ஆடினார். 1909 இல் ஹடர்ஸ்ஃபீல்டு அணி கூட்டிக்கொண்டது. 1929 வரை அதே அணி. நடுவில் ஒரு உலகப் போர், ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு கப்பல் பயணம், 11 டெஸ்ட்.

அவர் சேர்ந்த அணி சாதாரணமானது இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டு, டாமி கிளீசன். நியூசிலாந்திலிருந்து எட்கர் ரிக்லி. வேல்ஸிலிருந்து பென் குரோனோ. பக்கத்து ஹோம்ஃபர்த்திலிருந்து ஹரோல்டு வாக்ஸ்டாஃப். இவர்களை 'எல்லாத் திறமையும் கூடிய அணி' என்று சொல்வார்கள். 1914–15 இல் எடுக்க முடிந்த நான்கு கோப்பையையும் எடுத்தார்கள். யார்க்ஷயர் கோப்பை இறுதியில் ஹல் அணியை 31–0, சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35–2, சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37–3. யார்க்ஷயர் லீக்கும் அவர்களுக்கே. ஒரே பருவத்தில் நான்கையும் எடுத்த அணிகள் மொத்தமே மூன்று: 1907–08 இல் ஹன்ஸ்லெட், பிறகு இவர்கள், 1927–28 இல் ஸ்விண்டன்.

இப்போது ரோசன்ஃபெல்டைப் பாருங்கள். 1911–12 இல் 78 டிரை. 1913–14 இல் 80. ஒரே பருவத்தில் 80 டிரை என்பது இன்றுவரை உடையாத சாதனை. விங்கில் ஓடியவர் அவர். பந்து எங்கிருந்து வந்தது?

இங்கேதான் அன்றைய விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு ஆறு டேக்கிள் முடிந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் எண்ணிக்கையே இல்லை. வரம்பு முதன்முதலில் வந்தது 1966 இல். அதுவரைக்கும் பந்து கிடைத்த அணி, தானாகத் தவறவிடும்வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் பந்தை யார் பிடுங்குகிறார்கள் என்பதுதான் பாதி ஆட்டம். அதைப் பிடுங்கும் இடம் ஸ்க்ரம். ஆறு ஃபார்வர்டுகள் எதிரே ஆறு பேர். தலையும் தோளும் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்கள், நடுவில் போட்ட பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். இன்றைய ரக்பி லீக்கில் ஸ்க்ரம் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அது நிஜமான மல்லுக்கட்டு, ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்ப நடக்கும்.

அந்த ஆறு பேரில் கிளார்க் ஒருவர். அவர் எத்தனை ஸ்க்ரம் தள்ளினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஃபார்வர்டுக்கும் எழுதி வைக்கவில்லை. டிரைக்குக் கணக்கு உண்டு, கோலுக்குக் கணக்கு உண்டு. குனிந்து முட்டியவனுக்குக் கணக்கு இல்லை. "என்ன செய்தார்" என்ற கேள்வி எழுவதே இதனால்தான். ரோசன்ஃபெல்டின் 80 டிரையை அப்படியே ஒரு விங் ஆட்டக்காரரின் சாதனையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜனவரி 16

சின்ன விளக்கம், சிலர் கேட்டதால். ரக்பி யூனியன் வேறு, ரக்பி லீக் வேறு. 1895 ஆகஸ்ட் 29 அன்று இதே ஹடர்ஸ்ஃபீல்டில், ரயில் நிலையத்தை ஒட்டிய ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி அணிகள் கூடிப் பிரிந்துபோனதில் பிறந்தது லீக். காரணம் கூலி. சனிக்கிழமையும் வேலை நாள். ஆட வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த இழப்பை ஈடு கட்ட வேண்டும் என்றார்கள் வடக்கத்தி அணிகள். கூடவே கூடாது என்றார்கள் லண்டன் கனவான்கள். பிரிந்த பிறகு விதிகளும் மாறின: 1906 இல் பதினைந்து பேர் பதின்மூன்று ஆனது, டேக்கிள் ஆனவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தட்டிவிடும் முறையும் அப்போது வந்தது. 'ரக்பி லீக்' என்ற பெயரை இங்கிலாந்து நிர்வாகம் எடுத்துக்கொண்டது 1922 இல்தான். அதனால்தான் கிளார்க் காலத்துச் செய்திகளில் 'நார்தர்ன் யூனியன்' என்று வருகிறது.

ஜனவரி 19

ஒரு நண்பர் ஃபிராங்க் பர்ஜைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். "ஃபார்வர்டு என்றால் டிரை போட மாட்டார் என்று யார் சொன்னது? பர்ஜ் 1920 இல் ஒரே ஆட்டத்தில் 8 டிரை போட்டார். அதே காலம், அணியில் அதே இடம், அதே விதி."

நல்ல அடி. சிட்னியில் கிளீப் அணிக்கு ஆடிய பர்ஜ் அபூர்வமானவர். யுனிவர்சிட்டி அணிக்கு எதிராக அந்த 8 டிரை. 1921–22 இங்கிலாந்துப் பயணத்திலும் குவித்துத் தள்ளினார். ஃபார்வர்டு உடம்பு, விங் ஆட்டக்காரரின் கால். பந்து வைத்திருப்பவரின் தோளுக்குப் பக்கத்திலேயே ஓடி, அவர் விழும்போது பந்தை வாங்கிக்கொண்டு போகும் வித்தையை ஃபார்வர்டுகளுக்குக் காட்டிக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆனால் கிளீப் அணி சிட்னிப் பட்டத்தை ஒரு முறைகூட எடுத்ததில்லை. 1908 இல் தொடங்கி 1929 இல் வெளியேற்றப்படும்வரை ஒரு முறைகூட இல்லை. கிளார்க்கின் அணி எல்லாவற்றையும் எடுத்தது.

ஜனவரி 20

நேற்றைய கடைசி இரண்டு வரியை ராத்திரி மறுபடி படித்தேன். தர்க்கமாக நிற்கும், ஆனால் பர்ஜுக்கு அது நியாயம் செய்யாது. கிளீப் பட்டம் எடுக்காததற்கு அவர் என்ன செய்வார்? நல்ல அணியில் சேர்ந்ததால் கிளார்க் பெரியவர் என்று சொல்ல ஆரம்பித்தால், மோசமான அணியில் இருபது வருடம் முட்டியவர்களை எங்கே வைப்பது? பர்ஜையும் கிளார்க்கையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். ஒருவர் ஃபார்வர்டு என்ற வேலையையே அகலப்படுத்தினார். இன்னொருவர் அந்த வேலையின் ஆழத்துக்குப் போனார். எனக்கு இரண்டாமவர் மேல் பிடிப்பு அதிகம், அவ்வளவுதான். கபடியில் நானும் பாடிப் போனவன் இல்லை, மூலையில் நின்று காலைப் பிடித்தவன்.

(பிடித்தவனுக்குக் கைதட்டல் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும். கால் நழுவினால் திட்டு அதைவிட அதிகம் கிடைக்கும்.)

ஜனவரி 26

போர் பற்றியும் எழுத வேண்டும்.

முதல் டெஸ்ட் ஜூன் 27. இரண்டாவது ஜூன் 29. நடுவிலிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரும் மனைவியும் சுடப்பட்டார்கள். சிட்னியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பயண அணியில் இருந்த ஹடர்ஸ்ஃபீல்டு ஃபார்வர்டு ஃபிரெட் லாங்ஸ்டாஃப் 1916 இல் சோம் போரில் இறந்தார். லீட்ஸைச் சேர்ந்த பில்லி ஜார்மனும் போரில் இறந்தார். ராச்டேலின் வால்டர் ரோமனும் சோமில் பட்ட காயத்தால். கூடவே கப்பலில் போய் வந்தவர்கள்.

கிளார்க் ராணுவச் சேவைப் படையின் மோட்டார் பிரிவில் சேர்ந்தார். வாக்ஸ்டாஃப், ரோசன்ஃபெல்டு, குரோனோ எல்லாருமே அதே பிரிவு. பயிற்சி முகாம் லண்டன் தென்கிழக்கில் குரோவ் பார்க். அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. கூலி வாங்கி ஆடியவர்களை ஆயுளுக்கும் தள்ளிவைத்திருந்த ரக்பி யூனியன், போர்க்காலம் என்பதால் ராணுவ அணிகளில் அவர்கள் ஆடலாம் என்று விட்டுக்கொடுத்தது. குரோவ் பார்க் அணி 1916–17 இல் யூனியன் விதிப்படி ஆடிய 26 ஆட்டங்களில் 25 ஐ வென்றது. இருபது வருடமாகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், ஒதுக்கியவர்களின் ஆட்டத்தையே இப்படி ஆடிக் காட்டினார்கள். போர் முடிந்ததும் கதவு பழையபடி சாத்திக்கொண்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உயிரைக் கொடுக்கக் கூப்பிடலாம், ஒன்றாக ஆடக் கூப்பிடக் கூடாதா?

பிறகு ஆளுக்கொரு திசை. வாக்ஸ்டாஃப் எகிப்துக்கு. ரோசன்ஃபெல்டு மெசபடோமியாவுக்கு. கிளார்க் மேற்குப் போர்முனைக்கு, லாரி ஓட்ட. லாரி என்றதும் பாதுகாப்பான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். குண்டுகளையும் தளவாடங்களையும் முன்னணிக்குக் கொண்டுசேர்க்கும் சாலைகள் எவை என்று எதிரிக்குத் தெரியும். பீரங்கியின் கண் எப்போதும் அவற்றின்மேல்தான். இரவில் சேறு, குழி, செத்த குதிரைகள். பகலில் போனால் தெரிந்துவிடும். 1917 இல் பாஷெண்டேலில் கிளார்க் விஷவாயுவில் சிக்கினார். உடம்பில் குண்டுச் சிதறல்களும் பாய்ந்திருந்தன. குண்டுமழையில் காட்டிய துணிவுக்கு மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள்.

ஒரு ஃபார்வர்டுக்கு நுரையீரல்தான் மூலதனம். ஸ்க்ரம் தள்ளிவிட்டு எழுந்து ஓடி, டேக்கிள் பண்ணி, மறுபடி ஸ்க்ரம். நடுவில் மூச்சு வாங்க எங்கே நேரம்? விஷவாயு பட்டவர் படி ஏறினாலே இளைப்பார் என்பதுதான் அன்றைய ஆயிரக்கணக்கான வீடுகளின் அனுபவம். 28 வயதில் கிளார்க் திரும்பி வந்து 1919–20 பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு ஸ்க்ரமில் தோள் கொடுத்தார்.

சிட்னியில் அவர் ஏன் வெளியேறினார் என்று கேட்டவருக்கு நான் திருப்பிக் கேட்பது: இங்கே எப்படித் திரும்பி வந்தார்?

ஜனவரி 27

"மெடல் வாங்கியதற்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம்? புகழ் மன்றம் ஆட்டத்துக்குத்தானே?" என்ற எதிர்க்கேள்வி சரியானது. மெடலுக்காக அவரைச் சேர்த்தார்கள் என்றால் நானும் ஏற்க மாட்டேன். நான் சொல்ல வந்தது மெடலுக்குப் பிந்தைய பத்து வருடத்தை. 1919 இலிருந்து 1929 வரை ஆடியிருக்கிறார். 38 வயதுவரை, முன்வரிசை முட்டலில், அந்த நுரையீரலோடு. அது முழுக்க ரக்பிதான்.

பிப்ரவரி 1

மல்யுத்தம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆமாம், கிளார்க் பெரிய மல்லர். கம்பர்லாந்து–வெஸ்ட்மார்லாந்து மல்யுத்தம் என்று வடமேற்கு மலைப் பகுதிக்கே உரிய ஒரு முறை இருக்கிறது. ஏரிகளுக்கு நடுவே கிராஸ்மியர் என்ற ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டு விழாவில் அதைப் பார்க்கலாம். கனரகப் பிரிவில் கிளார்க் அங்கே பட்டம் எடுத்தவர். 1930களில் தொழில்முறை மல்யுத்த மேடைகளிலும் பெயர் வாங்கினார்.

நான் ஒரு கோடையில் அந்த விழாவுக்குப் போனேன். வெள்ளை முழுக்கால் உடை, அதன்மேல் பூவேலை செய்த வெல்வெட் ஜட்டி. முதலில் பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடும். இருவரும் மார்போடு மார்பாக நின்று, ஒருவர் தாடையை மற்றவரின் வலது தோளில் வைத்து, இரு கைகளையும் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிடி விட்டால் தோல்வி. முதலில் தரையைத் தொட்டாலும் தோல்வி. அவ்வளவுதான் விதி. குத்து இல்லை, ஓட்டம் இல்லை. பல வினாடிகள் இரண்டு பேரும் அசையாமல் நிற்பது போல இருக்கும். ஆனால் காலை உற்றுப் பார்த்தால் எடை ஒரு பாதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். எதிராளியின் எடை எந்தக் கணத்தில் எந்தக் காலில் இருக்கிறது என்பதை முகம் பார்க்காமல், உடம்பாலேயே படிக்க வேண்டும்.

ஸ்க்ரமில் நடப்பதும் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. தலை குனிந்திருக்கும், எதுவும் தெரியாது. தோள் வழியாகத்தான் எல்லாம் தெரிய வேண்டும். எதிராளி எப்போது மூச்சு விடுகிறான், எப்போது கால் மாற்றுகிறான், அந்தக் கணத்தில் தள்ள வேண்டும். கிளார்க்கை வெறும் பலசாலி என்று எழுதுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். கரி மூட்டை பலத்தைக் கொடுத்திருக்கும். நேரம் பார்த்துத் தள்ளும் புத்தி வேறு இடத்திலிருந்து வந்தது.

பிப்ரவரி 3

நேற்று ஃபார்டவுன் பக்கம் போய் வந்தேன். 1992 வரை ஹடர்ஸ்ஃபீல்டு அணியின் சொந்த மைதானம். இப்போது அணி வேறு பெரிய அரங்கில் ஆடுகிறது. பழைய மைதானத்தில் புல்வெளியும் சரிவும் மிச்சம். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கூட வந்தார். அவருடைய அப்பா கிளார்க்கைப் பார்த்தவராம். "அப்பா என்ன சொல்வார்?" என்று கேட்டேன். ரோசன்ஃபெல்டு ஓட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார், கிளார்க்கைப் பற்றிக் கேட்டால் "அவர் இருந்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம்" என்று ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொள்வார் என்றார். மழை வலுத்துவிட்டது. பெரியவர் குடை கொண்டுவரவில்லை, யார்க்ஷயர்க்காரர்கள் கொண்டுவருவதும் இல்லை. என் குடைக்குள்ளும் வர மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 8

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "எல்லாம் சரி. அவர் இல்லாவிட்டால் அணி தோற்றிருக்கும் என்பதற்கு ஒரு ஆட்டமாவது காட்ட முடியுமா?"

முடியும். 1920.

போருக்குப் பிந்தைய முதல் முழுப் பருவம். ஹடர்ஸ்ஃபீல்டு மறுபடியும் நான்கு கோப்பைக்கும் போட்டி போட்டது. யார்க்ஷயர் கோப்பை கிடைத்தது. யார்க்ஷயர் லீக் கிடைத்தது. ஏப்ரலில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் சேலஞ்ச் கோப்பை இறுதி, விகனுக்கு எதிராக 21–10. மிச்சம் சாம்பியன்ஷிப் இறுதி ஒன்றுதான். எதிரணி ஹல். ஐந்து வருடத்துக்கு முன்னால் 31–0 என்று நொறுக்கிய அதே அணி.

ஆனால் அதற்குள் ஆஸ்திரேலியப் பயணக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து ஐந்து பேர் அதில்: வாக்ஸ்டாஃப், கிளார்க், குரோனோ, தாமஸ், ரோஜர்ஸ். மீதி ஆட்களோடு இறங்கி 3–2 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியில் இரண்டாவது முறையாக நான்கு கோப்பை என்ற, வேறு எந்த அணியும் செய்யாத காரியம் கைநழுவியது.

ஐந்து பேரில் ஒருவரால்தான் என்று சொல்ல முடியாது, தெரியும். வாக்ஸ்டாஃபும் இல்லை. கோல் அடிக்கும் குரோனோவும் இல்லை. ஒரு கோல் இருந்திருந்தால் குரோனோ ஜெயித்துக் கொடுத்திருப்பார் என்று நீங்கள் வாதாடலாம், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1914–15 இறுதி ஆட்டங்களில் முப்பதுக்கு மேல் புள்ளி குவித்த அணி, இதில் ஒரு டிரைகூடப் போடவில்லை. போட்ட 2 புள்ளியும் ஒரே கோல். விங்கில் ஓட ஆள் இருந்தும் டிரை வரவில்லை என்றால், நான் முதலில் ஸ்க்ரமைத்தான் பார்ப்பேன். அங்கே இரண்டு பெரிய தோள்கள் குறைந்திருந்தன. குரோனோவும் ஃபார்வர்டுதான்.

பிப்ரவரி 9

"2005 வரை ஏன் காத்திருந்தார்கள்?" என்று ஒருவர். புகழ் மன்றமே தொடங்கியது 1988 இல். முதல் வரிசையில் வாக்ஸ்டாஃபும் ரோசன்ஃபெல்டும் போனார்கள். கிளார்க் 2005 இல். அவர் 1951 இலேயே இறந்துவிட்டார். டிரை எண்ணிக்கையோ கேப்டன் பட்டமோ இல்லாத ஒரு முன்வரிசைக்காரரை நினைவு வைத்துப் பதினேழு வருடம் கழித்தாவது சேர்த்தார்களே என்று நான் நினைக்கிறேன். சீக்கிரம் சேர்த்திருக்க வேண்டும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

அடுத்து ஜான்சனைப் பற்றி யாராவது தொடங்குங்கள். ஃபார்வர்டை விங்கில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு டிரையே தனியாகப் பேச வேண்டிய விஷயம். வாக்ஸ்டாஃப் அவரை ஏன் அங்கே தேர்ந்தெடுத்தார் என்பதில் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது.